பிராங்க் ரசல்

ஜான் பிரான்சிஸ் ஸ்டான்லி ரசல், 2ஆம் ஏர்ல் ரசல் (ஆகஸ்ட் 12, 1865 - மார்ச் 3, 1931) ஒரு பிரித்தானியப் பிரபுவும் வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். பிராங்க் ரசல் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டவர். இங்கிலாந்தின் பிரதமராக இருமுறை பதவி வகித்த ஜான் ரசல் பிரபுவின் பேரனும், மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசலின் மூத்த சகோதரரும் ஆவார். 1900 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மணமுறிவு பெற்று அங்கேயே மறுமணம் செய்துகொண்டார். அம்மணமுறிவு இங்கிலாந்தில் செல்லுபடியாகாததால் 1901 ஆம் ஆண்டில் இருதார மணக் குற்றத்திற்காகப் பிரபுக்கள் அவையால் விசாரிக்கப்பட்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஓர் ஆட்சிப் பகுதியின் நீதிமன்றம் வழங்கும் மணமுறிவை மற்றோர் ஆட்சிப் பகுதி எப்போது ஏற்க வேண்டும் என்ற சட்டச் சிக்கலுக்கு இவரது வாழ்க்கை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. பிற்காலத்தில் மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தத்திற்காகப் பாடுபட்டார். 1929 முதல் 1931 வரை இந்தியாவிற்கான துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

பிறப்பும் குடும்பமும்

பிராங்க் ரசல் 1865 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆம்பர்லி பிரபு என அறியப்பட்ட ஜான் ரசல். தாயார் ஸ்டான்லி பிரபு குடும்பத்தைச் சேர்ந்த கேத்தரின். பெற்றோர் இருவரும் மகளிர் வாக்குரிமை, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை வெளிப்படையாக ஆதரித்தவர்கள். சமய நம்பிக்கையற்றவர்களாகவும் அறியப்பட்டனர். இக்கருத்துகளுக்காக அக்காலச் சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தனர்.

1874 ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோயால் தாயாரும் தங்கை ரேச்சலும் அடுத்தடுத்து இறந்தனர். 1876 ஆம் ஆண்டு ஜனவரியில் தந்தையும் காலமானார். பிராங்கும் தம்பி பெர்ட்ரண்டும் பெற்றோரை இழந்தவர்களாயினர். சமய நம்பிக்கையற்ற இருவரைத் தம் பிள்ளைகளின் பாதுகாவலராகத் தந்தை உயிலில் குறித்திருந்தார். தாத்தாவும் பாட்டியும் நீதிமன்றத்தை நாடி அவ்வேற்பாட்டை மாற்றினர். சிறுவர்கள் இருவரும் ரிச்மண்ட் பூங்காவிலுள்ள பெம்புரோக் இல்லத்தில் வளர்ந்தனர்.

1878 ஆம் ஆண்டில் தாத்தா ஜான் ரசல் மறைந்ததும், 12 வயதிலேயே பிராங்க் 2ஆம் ஏர்ல் பட்டத்தைப் பெற்றார். பாட்டியின் கண்டிப்பான சமய ஒழுங்கைத் தம்பி பெருமளவு பொறுத்துக்கொண்டார். பிராங்க் தொடக்கம் முதலே எதிர்த்து நின்றார். பெர்ட்ரண்ட் ரசலுக்கு 11 வயதில் யூக்ளிடின் வடிவியலைக் கற்பித்தவர் இவரே என்பது குறிப்பிடத்தக்கது. பெர்ட்ரண்டின் கணித ஆர்வம் அப்பாடங்களிலேயே தொடங்கியது.

கல்வி

வின்செஸ்டர் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பிராங்க், 1883 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். 1885 ஆம் ஆண்டில் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டுடன் ஏற்பட்ட பிணக்கினால் அங்கிருந்து விலக்கப்பட்டார். இவர் எழுதியதாகக் கூறப்பட்ட ஒரு கடிதமே அதற்குக் காரணம். தம்மீது சாட்டப்பட்ட குற்றம் பொய் என்று பிராங்க் இறுதிவரை கூறிவந்தார். இந்நிகழ்வு பின்னாளில் இவரது மண வழக்குகளிலும் எதிர்த்தரப்பால் இழுக்கப்பட்டது.

பின்னர் அமெரிக்காவில் பயணம் செய்தபோது, ஹார்வர்டில் மாணவராக இருந்த ஜார்ஜ் சந்தயானாவுடன் இவருக்கு நட்பு ஏற்பட்டது. பின்னாளில் புகழ்பெற்ற மெய்யியலாளராக விளங்கிய சந்தயானா, தம் தன்வரலாற்றில் பிராங்கைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். நாடு திரும்பிய பிராங்க் மின்பொறியியல் தொழிலில் ஈடுபட்டார்.

முதல் திருமணமும் வழக்குகளும்

1890 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள் மேபல் எடித் ஸ்காட் என்பவரைப் பிராங்க் மணந்தார். இவர் சர் கிளாட் ஸ்காட் என்பவரின் மகள். இம்மணவாழ்க்கை சில மாதங்களே நீடித்தது. அதே ஆண்டில் இருவரும் பிரிந்தனர். அதன்பின் 11 ஆண்டுகள் தொடர்ந்த வழக்குகள் இலண்டன் செய்தித்தாள்களுக்குப் பெருந்தீனியாக அமைந்தன.

1891 ஆம் ஆண்டில், கணவர் கொடுமை இழைத்ததாகக் கூறி மேபல் நீதிமுறைப் பிரிவு கோரி வழக்குத் தொடர்ந்தார். பிராங்க்குக்கும் அவருடைய நண்பர் ஒருவருக்கும் இடையே தகாத உறவு இருந்ததாகவும் அவ்வழக்கில் குறிப்பாகச் சுட்டப்பட்டது. தன்பாலுறவு அக்காலச் சட்டத்தில் குற்றமாக இருந்தமையால் இது மிகக் கடுமையான குற்றச்சாட்டாகும். நடுவர்குழு மேபலின் வழக்கை ஏற்கவில்லை.

1894 ஆம் ஆண்டில் மேபல் மணவாழ்க்கை உரிமை மீட்பு கோரி மீண்டும் நீதிமன்றம் சென்றார். பொய்யென்று தள்ளப்பட்ட குற்றச்சாட்டை மனைவி தொடர்ந்து பரப்புவதே தமக்கு இழைக்கப்படும் கொடுமை என்று கூறி, பிராங்க் நீதிமுறைப் பிரிவு கோரி எதிர்மனு அளித்தார். 1895 ஆம் ஆண்டில் நடுவர்குழு அவருக்குச் சாதகமாக முடிவு செய்தது. ஆனால் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. உயிருக்கோ உடலுக்கோ நலத்திற்கோ தீங்கு நேரும் அச்சம் இருந்தாலன்றி, சட்டத்தின் பார்வையில் அது கொடுமை ஆகாது என்பது அந்நீதிமன்றத்தின் முடிவு. 1897 ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இம்முடிவை உறுதி செய்தது. ரசல் எதிர் ரசல் எனப்படும் இத்தீர்ப்பு, கொடுமை என்பதற்கு ஆங்கிலச் சட்டம் தந்த வரையறையாக நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டது.

இதற்கிடையில் மேபலின் தாயார், பிராங்க் மீது அவதூறான செய்திகளை அச்சிட்டுப் பரப்பிய குற்றத்திற்காக 1897 ஆம் ஆண்டு ஜனவரியில் எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். எனினும் மண நிலையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. சேர்ந்து வாழுமாறு கணவரை நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை. பிரிந்து போகவும் ஆணை தரவில்லை. பெயரளவிலான ஒரு மணம் மட்டும் எஞ்சியது.

அக்கால மணமுறிவுச் சட்டம்

இங்கிலாந்தில் 1857 ஆம் ஆண்டின் மணவழக்குகள் சட்டமே அப்போது நடைமுறையில் இருந்தது. அதற்கு முன்னர் மறுமணத்திற்கு இடந்தரும் முழு மணமுறிவைப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1857 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி பிறன்மனை உறவு கொண்டதை மெய்ப்பித்தால் மட்டுமே கணவர் மணமுறிவு பெறலாம். மனைவியோ, கணவரின் பிறன்மனை உறவுடன் கொடுமை, கைவிடல், இருதார மணம் போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டுமோ கைவிடல் மட்டுமோ எவருக்கும் மணமுறிவு பெற்றுத் தராது.

ஆகவே ரசல் பிரபுவுக்குத் தம் நாட்டில் வழியேதும் இல்லை. மனைவியின் ஒழுக்கத்தைக் குறைகூறச் சான்று இல்லாத நிலையில், எத்தனை ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தாலும் அவர் மணமானவராகவே இருக்க வேண்டும். அதே வேளையில் ஒரே முடியாட்சியின் கீழிருந்த ஸ்காட்லாந்தில் 16 ஆம் நூற்றாண்டு முதலே கைவிடல் மணமுறிவுக்குரிய காரணமாக இருந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கொடுமையும் அவ்வாறே ஏற்கப்பட்டது. எல்லை கடந்தால் சட்டம் மாறும் என்ற இந்நிலையே பலரையும் பிற நாடுகளின் நீதிமன்றங்களை நோக்கிச் செல்லத் தூண்டியது.

நெவாடாவில் மணமுறிவும் மறுமணமும்

மோலி என்றழைக்கப்பட்ட மேரியன் சோமர்வில் என்பவருடன் பிராங்க் நெருங்கிப் பழகினார். 1899 ஆம் ஆண்டில் இருவரும் அமெரிக்கா சென்றனர். நெவாடா மாநிலத்தில் ஆறு மாதம் வசித்தவர்கள் அங்குள்ள நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். கொடுமை, கைவிடல் ஆகியவை அங்குத் தனித்தனியே போதிய காரணங்களாக இருந்தன. பிராங்க் தாகோ ஏரிக்கரையிலுள்ள கிளென்புரூக்கில் குளிர்காலத்தைக் கழித்துத் தேவையான காலத்தை நிறைவு செய்தார்.

1900 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் நெவாடா நீதிமன்றம் இவருக்கு மணமுறிவு வழங்கியது. மறுநாள் ரீனோ நகரில் மோலியை மணந்துகொண்டார். பின்னர் இருவரும் இங்கிலாந்து திரும்பிக் கணவன் மனைவியாக வெளிப்படையாகவே வாழ்ந்தனர். ரீனோ அப்போது மணமுறிவு நகரம் என்ற பெயரைப் பெற்றிருக்கவில்லை. அங்குச் சென்று மணமுறிவு பெற்ற புகழ்பெற்றவர்களுள் ரசல் பிரபு முதன்மையானவர். அந்நகரின் வரலாற்றை எழுதுவோர் இவரது வழக்கைத் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுவர்.

வாழ்விடக் கொள்கை

நெவாடாவின் தீர்ப்பு இங்கிலாந்தில் ஏன் ஏற்கப்படவில்லை என்பதை அறிய, ஆங்கிலச் சட்டத்தின் வாழ்விடக் கொள்கையை அறிய வேண்டும். சட்டத்தில் நிரந்தர வாழ்விடம் என்பது ஒருவர் தற்போது தங்கியிருக்கும் இடம் அன்று. அவர் தம் நிலையான தாயகமாகக் கொண்டு, காலவரையின்றி வாழும் எண்ணத்துடன் இருக்கும் இடமாகும். பிறப்பால் கிடைத்த வாழ்விடம், அதனைக் கைவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை நீடிக்கும். மணமான பெண்ணின் வாழ்விடம் கணவருடையதையே பின்தொடரும் என்பதும் அக்கால விதி.

ஓர் இணையரின் மணத்தை முறிக்கும் அதிகாரம், அவர்களின் நிரந்தர வாழ்விடத்திலுள்ள நீதிமன்றத்திற்கே உண்டு என்ற விதி 1895 ஆம் ஆண்டில் உறுதிப்பட்டது. இவ்விதியை நிலைநாட்டிய வழக்கு இலங்கையிலிருந்து சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. இலங்கைக் குடிமைப் பணியில் இருந்த லெ மெசூரியர் என்ற ஆங்கில அதிகாரி, இலங்கை நீதிமன்றத்தில் மணமுறிவு கோரினார். அவர் பல ஆண்டுகள் இலங்கையில் வசித்தவர். எனினும் அவரது நிரந்தர வாழ்விடம் இங்கிலாந்தே என்பதால், அம்மணத்தை முறிக்க இலங்கை நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்று இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் முடிவு செய்தது.

இவ்விதியின்படி ரசல் பிரபுவின் நிலை தெளிவானது. இங்கிலாந்தில் பிறந்து, அங்கே வீடும் சொத்தும் பிரபுப் பட்டமும் உடைய ஒருவர், ஆறு மாதம் ஏரிக்கரையில் தங்கியதால் நெவாடாவைத் தம் தாயகமாக்கிக் கொண்டவர் ஆகார். மணமுறிவு பெற்றவுடன் நாடு திரும்பியதும் அதனையே காட்டியது.

இத்தகைய வழக்கு இங்கிலாந்துக்குப் புதியதும் அன்று. 1812 ஆம் ஆண்டிலேயே லோலி என்ற ஆங்கிலேயர் ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று, இங்கிலாந்தில் மறுமணம் செய்து, இருதார மணக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். ஸ்காட்லாந்து எல்லைக்கு வடக்கே மணமுறிந்தவர், தெற்கே மணமானவராகவே கருதப்பட்டார்.

கைதும் பிரபுக்கள் அவை விசாரணையும்

மேபல் இந்நிகழ்வுக்குப் பின் இங்கிலாந்தில் மணமுறிவு வழக்குத் தொடர்ந்தார். நெவாடா மணமுறிவு இங்கிலாந்தில் இல்லாத ஒன்று. ஆகவே நெவாடாவில் நடந்த மணம் இருதார மணம். அதனுடன் பிறன்மனை உறவும் சேர்வதால் மனைவிக்கு மணமுறிவு பெறும் உரிமை உண்டு. இவ்வாறு, பிராங்க் 11 ஆண்டுகளாகப் பெற முடியாத விடுதலை, அவர் குற்றவாளி ஆனதன் வாயிலாகவே கிடைக்க இருந்தது.

1901 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிராங்க் இருதார மணக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். 1861 ஆம் ஆண்டின் ஆட்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டத்தின் 57 ஆம் பிரிவு, இரண்டாம் மணம் இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ வேறெங்கோ நடந்தாலும் குற்றமே எனக் கூறியது. பிரபுக்கள் பெருங்குற்ற வழக்குகளில் சக பிரபுக்களாலேயே விசாரிக்கப்பட வேண்டும் என்பது அக்கால மரபு. ஆகவே 1901 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் அரச மண்டபத்தில் பிரபுக்கள் அவை நீதிமன்றமாகக் கூடியது. லார்ட் சான்சலராக இருந்த ஹால்ஸ்பரி பிரபு தலைமை தாங்கினார். 1841 ஆம் ஆண்டிற்குப் பின் அவ்வாறு நடந்த முதல் விசாரணை இதுவாகும்.

அமெரிக்காவில் நடந்த மணத்தை விசாரிக்க இங்கிலாந்துக்கு அதிகாரம் இல்லை என்று பிராங்கின் வழக்கறிஞர் வாதிட்டார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. அதன்பின் பிராங்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நெவாடா தீர்ப்பு தம்மை விடுவித்துவிட்டதாக நம்பியே மறுமணம் செய்ததாகவும், எதனையும் மறைக்கவில்லை என்றும் எடுத்துரைத்தார். அவருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறப்பு வகுப்புக் கைதியாக ஹாலோவே சிறையில் அதனைக் கழித்தார். சிறையில் எழுதியவை 1902 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

சிறையிலிருந்து வெளிவந்தபோது மேபலுடனான மணம் ஆங்கிலச் சட்டப்படியே முடிவுற இருந்தது. 1901 ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பிராங்கும் மோலியும் இங்கிலாந்தில் மீண்டும் ஒருமுறை மணம் செய்துகொண்டனர். ரீனோவில் நடந்ததற்கு அங்கு மதிப்பில்லை என்பதால் இது தேவையாயிற்று.

பிரபுக்கள் அவையின் சக பிரபுக்கள் விசாரணையில் தண்டனை பெற்ற கடைசிப் பிரபு ரசல் ஆவார். 1935 ஆம் ஆண்டில் நடந்த கடைசி விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட டி கிளிஃபர்ட் பிரபு விடுவிக்கப்பட்டார். 1948 ஆம் ஆண்டில் இவ்வகை விசாரணை முறை ஒழிக்கப்பட்டது. ரசல் பிரபுவுக்கு 1911 ஆம் ஆண்டில் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தம்

சிறை சென்ற பிரபு அரசியலிலிருந்து ஒதுங்குவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் பிராங்க், தம்மைத் தண்டித்த அவையிலேயே 1902 ஆம் ஆண்டில் மணமுறிவுச் சட்ட வரைவைக் கொண்டுவந்தார். கொடுமை உள்ளிட்ட காரணங்களை மணமுறிவுக்குப் போதியவையாக ஆக்குதல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோலை வைத்தல், நெடுங்காலம் பிரிந்து வாழ்வோரை விடுவித்தல் ஆகியன அதன் நோக்கங்களாக இருந்தன. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஹால்ஸ்பரி பிரபுவே இவ்வரைவையும் கடுமையாக எதிர்த்தார். வரைவு தோல்வியுற்றது. அடுத்த ஆண்டுகளில் பிராங்க் மீண்டும் முயன்றும் பலன் கிட்டவில்லை.

அவைக்கு வெளியே, மண மற்றும் மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தத்திற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அது 1906 ஆம் ஆண்டில் மற்றோர் அமைப்புடன் இணைந்து மணமுறிவுச் சட்டச் சீர்திருத்த ஒன்றியம் ஆயிற்று. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில் பின்னர் இவ்வொன்றியத்தின் தலைவராக இருந்தார். 1905 ஆம் ஆண்டில் கிரேஸ் இன் வழியாகப் பிராங்க் வழக்கறிஞரானார். 1912 ஆம் ஆண்டில் மணமுறிவு என்ற தலைப்பில் நூல் ஒன்றை வெளியிட்டார்.

1909 ஆம் ஆண்டில் அரசு அமைத்த ஆணையம் 1912 ஆம் ஆண்டில் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. ஆயினும் சட்டம் மெதுவாகவே மாறியது. கணவரின் பிறன்மனை உறவு மட்டுமே மனைவிக்குப் போதிய காரணம் என்ற நிலை 1923 ஆம் ஆண்டில் வந்தது. கொடுமையும் கைவிடலும் தனிக் காரணங்களாக ஏற்கப்பட்டது 1937 ஆம் ஆண்டில்தான். அப்போது பிராங்க் உயிருடன் இல்லை.

அரசியல் வாழ்க்கை

இலண்டன் கவுண்டி மன்றத்தின் உறுப்பினராகப் பிராங்க் பணியாற்றினார். 1912 ஆம் ஆண்டில் ஃபேபியன் சங்கத்தில் சேர்ந்தார். தொழிற்கட்சியை ஆதரித்த மிகச் சில தொடக்ககாலப் பிரபுக்களில் இவரும் ஒருவர். மகளிர் வாக்குரிமையை ஆதரித்தார். முதலாம் உலகப் போரின்போது, மனச்சான்றின் அடிப்படையில் படையில் சேர மறுத்தவர்களுக்காகப் பிரபுக்கள் அவையில் பேசினார். தானுந்துகளில் பேரார்வம் கொண்டவர். 1903 ஆம் ஆண்டில் தானுந்துப் பதிவு தொடங்கியபோது இலண்டனின் முதல் எண்ணான ஏ 1 என்பதைப் பெற்றவர் இவரே.

1929 ஆம் ஆண்டில் ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசில் முதலில் போக்குவரத்து அமைச்சின் நாடாளுமன்றச் செயலாளராகவும், பின்னர் இந்தியாவிற்கான துணை அமைச்சராகவும் நியமிக்கப்பட்டார். 1930 ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியாவுக்கு டொமினியன் தகுதி உடனே கிட்டாது என்னும் பொருள்பட கேம்பிரிட்ஜில் இவர் ஆற்றிய உரை இந்தியாவில் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. 1930 ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1931 ஆம் ஆண்டு ஜனவரி வரை இலண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் பர்மா துணைக்குழுவின் தலைவராக இருந்தார்.

பிற்கால மணவாழ்க்கையும் மறைவும்

சிறை சென்று காத்த இரண்டாம் மணமும் நிலைக்கவில்லை. 1915 ஆம் ஆண்டில் மோலி இவரிடமிருந்து மணமுறிவு பெற்றார். வாழ்நாள் முழுவதும் அவருக்கு ஆண்டுதோறும் 400 பவுண்டு வழங்கப் பிராங்க் கடமைப்பட்டார். 1916 ஆம் ஆண்டு பிப்ரவரியில் எழுத்தாளர் எலிசபெத் வான் ஆர்னிமை மணந்தார். 1919 ஆம் ஆண்டில் எலிசபெத் இவரை விட்டு நீங்கினார். 1921 ஆம் ஆண்டில் அவர் எழுதிய வேரா என்னும் புதினத்தில் வரும் அடக்கியாளும் கணவர், பிராங்கையே மாதிரியாகக் கொண்டவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இருவரும் மணமுறிவு பெறவில்லை. பிறரின் மண உரிமைக்காகப் போராடியவர், உடன் வாழ்ந்தோருக்கு எளிய கணவராக இருக்கவில்லை என்பதை இவரை நன்கறிந்த பலரும் பதிவு செய்துள்ளனர். பிராங்க் 1923 ஆம் ஆண்டில் தம் தன்வரலாற்றை வெளியிட்டார்.

1931 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் மார்சேய் நகரில் பிராங்க் காலமானார். இவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே ஏர்ல் பட்டம் தம்பி பெர்ட்ரண்ட் ரசலைச் சேர்ந்தது. பட்டத்துடன், மோலிக்கு ஆண்டுதோறும் பணம் வழங்கும் கடமையும் அவரைச் சேர்ந்தது.

பிற்காலச் சட்ட வளர்ச்சி

பிராங்க் இறந்து 16 நாட்களில், 1931 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள், மணமுறிவுக்குத் தேவையான வசிப்புக் காலத்தை ஆறு வாரமாகக் குறைக்கும் சட்டத்தில் நெவாடா ஆளுநர் கையொப்பமிட்டார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் ரீனோவுக்குச் சென்றனர். ரசல் எதிர்கொண்ட சிக்கலை அமெரிக்கர்களே தம் நாட்டுக்குள் எதிர்கொண்டனர். ஒரு மாநிலத்தின் தீர்ப்பைப் பிற மாநிலங்கள் முழுமையாக மதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பு கூறுகிறது. எனினும் மணமுறிவில் அவ்விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் ஐயம் இருந்தது.

வட கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நெவாடாவில் ஆறு வாரம் தங்கித் தத்தம் மணங்களை முறித்து, ஒருவரையொருவர் மணந்து ஊர் திரும்பினர். வட கரோலினா அவர்களை இருதார மணக் குற்றத்திற்காகத் தண்டித்தது. 1942 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. வாழ்க்கைத் துணைவரில் ஒருவரின் உண்மையான வாழ்விடம் எம்மாநிலமோ, அதன் தீர்ப்பைப் பிற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றது. ஆனால் அவர்கள் மீண்டும் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். நெவாடா வாழ்விடம் உண்மையானதா என்பதை வட கரோலினா தானே ஆராயலாம் என்று 1945 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் கூறி, இத்தண்டனையை உறுதி செய்தது. 1948 ஆம் ஆண்டில், இருதரப்பாரும் நேர்நின்று வழக்காடிய தீர்ப்பைப் பின்னர் வேறு மாநிலத்தில் மறுத்துரைக்க முடியாது என்று முடிவானது.

இங்கிலாந்திலும் விதி படிப்படியாகத் தளர்ந்தது. 1906 ஆம் ஆண்டில், தெற்கு டகோட்டா வழங்கிய ஒரு மணமுறிவைக் கணவரின் வாழ்விடமான நியூயார்க் ஏற்கும் என்பதால் இங்கிலாந்தும் ஏற்றது. 1967 ஆம் ஆண்டில், மணமுறிவு கோரியவருக்கும் தீர்ப்பளித்த நாட்டுக்கும் உண்மையான, கணிசமான தொடர்பு இருந்தால் போதும் என்று பிரபுக்கள் அவை கூறியது. 1970 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையைத் தொடர்ந்து 1971 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. மனைவியின் வாழ்விடம் கணவரைப் பின்தொடரும் என்ற விதி 1974 ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வெளிநாட்டு மணமுறிவுகளை ஏற்பது பின்னர் 1986 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின் கீழ் வந்தது.

இந்தியாவில் வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்பது 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவைப் பொறுத்தது. 1974 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த முதன்மையான வழக்கும் நெவாடா மணமுறிவு பற்றியதே. அமெரிக்காவில் படிக்கச் சென்ற கணவர், இந்தியாவில் இருந்த மனைவிக்கு எதிராக நெவாடாவில் மணமுறிவு பெற்றிருந்தார். மனைவி வாழ்க்கைப்படி கோரியபோது அத்தீர்ப்பைக் காட்டித் தம் கடமையை மறுத்தார். அவருக்கு நெவாடாவில் உண்மையான வாழ்விடம் இல்லை என்றும், அந்நீதிமன்றத்தைத் தவறாக நம்பவைத்துத் தீர்ப்புப் பெற்றார் என்றும் உச்ச நீதிமன்றம் கண்டது. மனைவியின் உரிமையைக் காத்தது. 1991 ஆம் ஆண்டில் மிசௌரி மாநில மணமுறிவு ஒன்றைப் பற்றிய வழக்கில், எந்தச் சட்டப்படி மணம் நடந்ததோ அச்சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும் இருந்தாலே வெளிநாட்டு மணமுறிவு செல்லும் என்று அந்நீதிமன்றம் பொதுவிதியை வகுத்தது. எதிர்த்தரப்பார் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்திருந்தாலோ, தாமே முன்வந்து வழக்காடியிருந்தாலோ, உடன்பட்டிருந்தாலோ விதிவிலக்கு உண்டு.

ரசல் பிரபுவின் வழக்கு இச்சிக்கலின் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது: தாயகத்தின் சட்டம் வழியடைத்தபோது எல்லை கடந்து விடுதலை தேடியவர், அவ்விடுதலைக்காகவே தண்டிக்கப்பட்டார். 1974 ஆம் ஆண்டின் இந்திய வழக்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது: எல்லை கடந்து பெற்ற தீர்ப்பு, தாயகத்தில் விடப்பட்டவரின் உரிமையைப் பறிக்கும் கருவியாகவும் ஆகலாம். வெளிநாட்டு மணமுறிவுகளை ஏற்பது பற்றிய சட்டங்கள் இவ்விரு தீங்குகளையும் தவிர்க்க முயல்கின்றன.